இரவில் பிரிட்ஜ் சத்தம்: சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்க முடியவில்லை

முத்தியால்பேட்டை கயல் | வெள்ளி, இரவு 11.52

வணக்கம். ஒரு மாதமாக இதோடு போராடிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது அவர் வீட்டு பிரிட்ஜை எங்களுக்குக் கொடுத்தார். ஆறு வருடப் பழசு, டபுள் டோர், ஐஸ் உறையாத வகை, 240 லிட்டர். குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. சத்தம்தான் பிரச்சினை. பகலில் தெருச் சத்தத்தில் தெரிவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கியதும் "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல் ஆரம்பிக்கும். இருபது நிமிடம் ஓடும், கடகடவென்று உதறிக்கொண்டு நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் அறை. அப்பா மில்லில் 28 வருடம் தறி ஓட்டியவர், காது மந்தம். வாசல் பெல் அடித்தால் கேட்காது, பேத்தி கூப்பிட்டால் கேட்காது. ஆனால் இந்த உறுமல் மட்டும் கேட்கிறது என்கிறார். வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை, நானும்தான். முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன், கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தார். "தறி ஓடுற மாதிரியே இருக்கும்மா" என்றார். அப்புறம் எனக்கும் தூக்கம் போய்விட்டது.

வந்து பார்த்த சர்வீஸ் ஆள் "எல்லா பிரிட்ஜும் இப்படித்தான், வேண்டுமானால் புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செலவில்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?


வில்லியனூர் அனு | சனி, காலை 7.10

கயல், எங்கள் அடுக்குமாடி வீட்டிலும் இதே கதைதான். தெர்மாகோல் அட்டையை பிரிட்ஜின் இரண்டு பக்கமும் பின்னாலும் ஒட்டிவிட்டால் சத்தம் குறையும் என்று சொல்கிறார்கள். ஸ்டுடியோவில் ஒட்டுகிற முட்டைத்தட்டு மாதிரி ஃபோமும் கிடைக்கிறது. அதைச் சுற்றிலும் ஒட்டிப் பாருங்களேன்?


மஞ்சக்குப்பம் மெக்கானிக் | சனி, காலை 9.35

தங்கச்சி, தெர்மாகோல் மட்டும் ஒட்டாதீங்க. அனும்மா நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார், ஆனால் இதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கடலூரில் 22 வருடமாக பிரிட்ஜ் வேலை பார்க்கிறேன்.

இப்போது வருகிற பிரிட்ஜ்களில் முன்பு மாதிரி பின்னால் கறுப்புக் கம்பி வலை இருக்காது. அந்தக் குழாய் எல்லாம் இரண்டு பக்கத் தகட்டுக்கு உள்ளேயே ஒட்டியிருக்கும். வெயில் காலத்தில் பிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகிற வழியே அதுதான். அதை மூடினால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். சத்தத்தைக் குறைக்கப் போய் சத்தம் நாள் முழுக்க ஆகிவிடும், கரண்ட் பில்லும் ஏறும். போன வருடம் ஒரு வீட்டில் பிளைவுட் அலமாரிக்குள் பிரிட்ஜைச் சொருகி மேலேயும் அடைத்துவிட்டார்கள். ஒரு கோடை தாண்டவில்லை, கம்ப்ரசர் போய்விட்டது. பின்னால் நாலு விரல், பக்கத்துக்கு இரண்டு விரல், மேலே ஒரு சாண் இடம் எப்போதும் இருக்கட்டும்.

இனி உங்கள் விஷயம். சத்தம் என்று பொதுவாகச் சொன்னால் எனக்குப் புரியாது. இதற்கெல்லாம் பதில் சொல்லுங்க.

பிரிட்ஜ் எதன் மேல் நிற்கிறது, தரையிலா, பிளாஸ்டிக் ஸ்டாண்டிலா? மேலே என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? குட்டியானை வண்டியில் கொண்டு வரும்போது நிற்க வைத்துக் கொண்டு வந்தீர்களா, படுக்க வைத்தா? இன்வெர்ட்டர் கம்ப்ரசரா, சாதாரணமா?

அப்புறம் ஒரு சோதனை. உறுமல் ஓடும்போது ஃப்ரீசர் கதவைத் திறங்க. உள்ளே இருக்கிற ஃபேன் நின்றுவிடும். கதவு ஓரத்தில் ஒரு பட்டன் இருக்கும், அதை விரலால் அழுத்தினால் மறுபடி ஓடும். அழுத்தும்போது சத்தம் கூடி, விட்டால் போய்விட்டால் கோளாறு ஃபேனில். மாற்றமே இல்லையென்றால் கம்ப்ரசர் பக்கம், அல்லது கம்ப்ரசரின் அதிர்வை வாங்குகிற ஏதோ ஒரு பொருள். பத்து வீட்டில் ஏழு எட்டு வீட்டில் நான் பார்த்தது அந்தக் கடைசி வகைதான். மெஷின் நன்றாக இருக்கும், பக்கத்தில் தொட்டுக்கொண்டிருப்பது கத்தும்.


முத்தியால்பேட்டை கயல் | சனி, மதியம் 2.20

நன்றி அண்ணே. அனு, நீயும் எழுதியது சந்தோஷம், நல்லவேளை ஒட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொண்டோம்.

பிரிட்ஜ் பிளாஸ்டிக் ஸ்டாண்டில்தான் நிற்கிறது, கீழே வெங்காயம் உருளைக்கிழங்கு போடுகிற டிராயர் வைத்த ஸ்டாண்டு. மேலே மாத்திரை டப்பா, இரண்டு எவர்சில்வர் சம்படம், ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. நிற்க வைத்துதான் கொண்டு வந்தோம், அண்ணனே கூட வந்தார். இன்வெர்ட்டர் இல்லை, சாதாரண கம்ப்ரசர். ஸ்டெபிலைசர் இருக்கிறது, சுவரில் திருகி மாட்டியிருக்கிறோம்.

ஃபேன் சோதனை செய்தேன். பட்டனை அழுத்தினாலும் விட்டாலும் உறுமலில் மாற்றம் இல்லை.


தேவனாம்பட்டினம் செல்வி | சனி, மாலை 6.05

நாங்கள் கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் காரணம் துரு. பின்பக்கம் கீழே கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கிற இரும்புப் பட்டையைப் பார்த்தால், போல்ட்டைச் சுற்றி பொரி மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. கம்ப்ரசரின் நான்கு காலுக்கும் கீழே ரப்பர் புஷ் இருக்குமாம், எங்களுடையது கல் மாதிரி இறுகி வெடித்திருந்தது. ரப்பர் வேலை செய்யாததால் அதிர்வெல்லாம் அப்படியே உடம்புக்கு ஏறியிருக்கிறது. மெக்கானிக் நான்கு புஷ்ஷையும் மாற்றி, துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அன்று ராத்திரி பிரிட்ஜ் ஓடுகிறதா என்று கதவைத் திறந்து பார்த்தேன், அவ்வளவு அமைதி.

முத்தியால்பேட்டையும் கடலோரம்தானே கயல், பின்பக்கத்தை ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். நான் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே தூசியையும் உப்புப் பிசுக்கையும் துடைத்து எடுக்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஜன்னல் வழியாக உப்புத் தண்ணீர் சாரலே அடித்தது, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் வீட்டில் இருந்த பழைய பிரிட்ஜின் அடிப்பகுதி போய்விட்டது. அதிலிருந்து இந்தப் பழக்கம்.


நெல்லித்தோப்பு பாலா | சனி, இரவு 8.40

எளிய வழி ஒன்று. ராத்திரி பத்துக்கு ஆஃப் செய்து காலை ஐந்துக்கு ஆன் செய்துவிடுங்கள். கதவைத் திறக்காவிட்டால் குளிர்ச்சி நிற்கும்.


முத்தியால்பேட்டை கயல் | சனி, இரவு 9.15

பாலா, அது எங்களால் முடியாது. அப்பாவின் இன்சுலின் உள்ளே இருக்கிறது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மணி நேரம் இந்த வெயிலில் ஆஃப் செய்து வைக்க எனக்குத் தைரியம் இல்லை. பாலும் மாவும் கெட்டால் கெட்டுப் போகட்டும், அதை வைத்து விளையாட முடியாது.


மஞ்சக்குப்பம் மெக்கானிக் | சனி, இரவு 10.02

சரியாகச் சொன்னீங்க. பாலா தம்பி, மருந்து இல்லாத வீட்டிலும் அது வேண்டாம். திறக்காமல் வைத்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் பால், மீன், கறியை நம்பக் கூடாது.

செல்வியக்கா சொன்ன துரு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் நான் பார்க்கிற பாதி வேலை அதுதான்.

கயல், நாளைக்கு ஞாயிறு, வீட்டில் ஆள் இருப்பார்கள். முதலில் மேலே இருப்பதை எல்லாம் இறக்குங்க. கம்ப்ரசர் நிற்கும்போது கடகடவென்று உதறுகிறது என்றீர்களே, உள்ளே மோட்டார் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, ஓட ஆரம்பிக்கும்போதும் நிற்கும்போதும் ஒரு ஆட்டம் ஆடும். அது இயல்பு. அந்த ஆட்டத்தை உங்கள் சம்பட மூடியும் குத்துவிளக்கும் சத்தமாக மாற்றுகின்றன. உள்ளே கதவில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் அதையும் பிரித்து வையுங்க.

அடுத்தது ஸ்டாண்டு. இந்த டிராயர் ஸ்டாண்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உள்ளே வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி அது, மிருதங்கத்தின் மேல் மெஷினை வைத்த மாதிரி. எடுத்துவிட்டு நேராகத் தரையில் நிறுத்துங்க. முன் காலைத் திருகினால் ஏறும் இறங்கும். நாலு காலும் தரையில் அழுந்தி நிற்க வேண்டும், மூலையைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. பின்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கட்டும், கதவைப் பாதி திறந்து விட்டால் தானாக வந்து மூடினால் சரியான சாய்வு. கீழே டைல் பொள்ளலாக இருக்கிறதா என்று காசால் தட்டிப் பாருங்க. "டொக் டொக்" என்று கேட்டால் பிரிட்ஜை அரை அடி நகர்த்துங்க. ரப்பர் வைப்பதென்றால் வாஷிங் மெஷினுக்கு விற்கிற கெட்டி ரப்பர் போதும். மெத்தை மாதிரி ஸ்பாஞ்சு வைத்தால் நாலு நாளில் ஒரு பக்கம் அமுங்கிவிடும்.

கடைசியாகப் பின்பக்கம். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆறவிட்டு டார்ச் அடித்துப் பாருங்க. செம்புக் குழாய் இரண்டு ஒட்டி நிற்கிறதா, தண்ணீர் விழுகிற ட்ரே ஆடுகிறதா? குழாய்கள் தொட்டுக்கொண்டிருந்தால் பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு நடுவில் சொருகுங்க. வளைக்கப் போகாதீங்க, குழாய் ஒடிந்தால் கேஸ் போய்விடும். இப்போது நிறைய பிரிட்ஜில் ஆர்600ஏ என்கிற தீப்பிடிக்கிற கேஸ்தான் இருக்கிறது, பின்னால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.


முத்தியால்பேட்டை கயல் | ஞாயிறு, இரவு 10.30

எல்லாம் செய்தோம் அண்ணே. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இன்சுலினை வைத்துவிட்டு, நானும் என் கணவரும் தம்பியும் சேர்ந்து இறக்கினோம். ஸ்டாண்டை எடுத்ததும் சமையலறையில் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, நின்று கேட்டால் தெரிகிறது. ட்ரே ஒரு பக்கம் கொக்கியிலிருந்து விலகியிருந்தது, மாட்டினோம். துரு கொஞ்சம்தான், ரப்பர் புஷ் கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. கடகட அறவே போய்விட்டது.

ஆனால் அப்பாவுக்குக் கேட்கிறது. "குறைஞ்சிருக்கா?" என்று கேட்டேன். என் மனம் நோகக் கூடாதென்று "கொஞ்சம் பரவாயில்லை" என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது.


லாஸ்பேட்டை வாத்தியார் | திங்கள், காலை 5.50

அம்மா கயல், நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் பதிவைப் படித்ததிலிருந்து அப்பாவின் காதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது முழுக்க உண்மையாக இருக்கும். தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

தறிச் சத்தத்திலேயே வேலை பார்த்தவர்களுக்குக் காது முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளில். பெல், குழந்தைக் குரல், பேச்சில் ச, த போன்ற எழுத்துகள் எல்லாம் அங்கேதான் மங்கும். தாழ்ந்த ஒலி அவர்களுக்குப் பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். நமக்கு ராத்திரியில் சுவர்க்கோழிச் சத்தம், ஃபேன் இரைச்சலின் கீச்சுப் பகுதி எல்லாம் சேர்ந்து அந்த உறுமலிலிருந்து கவனத்தைக் கொஞ்சம் திருப்பும். அவருக்கு அவை கேட்பதில்லை. அமைதியான அறையில் அந்த ஒரு சத்தம் மட்டும் தனியாக நிற்கிறது. வயதானவர் சும்மா சொல்கிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்த உறுமல் எவ்வளவு தாழ்ந்தது? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின், டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஒரு சுற்றில் இரு முறை இழுபடும், ஆகவே 100 ஹெர்ட்ஸ். செல்போனில் டெசிபெல் ஆப் வைத்து அளந்து "சத்தமே இல்லையே" என்று ஏமாறாதீர்கள். அந்த அளவுமுறை நம் காதை ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் காட்டும்.

இந்த ஒலியின் அலைநீளம் நம் வெப்பத்தில் சுமார் மூன்றரை மீட்டர், பதினொன்றரை அடி. இரண்டு அங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் சுவர் வழியாக மிக எளிதாகப் போகும்.

இப்போது என் கேள்வி. டிரான்ஸ்பார்மர் என்று எழுதினேன் அல்லவா? உங்கள் ஸ்டெபிலைசருக்குள் இருப்பதும் அதுதான். அதை எந்தச் சுவரில் திருகியிருக்கிறீர்கள்? அப்பாவின் அறை எத்தனை அடி, கட்டிலில் தலைமாடு எந்தப் பக்கம்?


முத்தியால்பேட்டை கயல் | திங்கள், காலை 8.25

சார், படித்ததும் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

ஸ்டெபிலைசர் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. நாலரை அங்குலச் சுவர். அந்தப் பக்கம் கட்டிலின் தலைப்பலகை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கிட்டத்தட்ட நேர் எதிரே. அறை பதினொன்றுக்குப் பத்து, சமையலறைச் சுவரிலிருந்து எதிர் ஜன்னல் வரை பதினொன்று.


மஞ்சக்குப்பம் மெக்கானிக் | திங்கள், காலை 9.10

ஐயா, கும்பிடுகிறேன். நான் ஸ்டெபிலைசரை விட்டுவிட்டேன், கயல் எழுதியும் கண்ணில் படவில்லை. கம்ப்ரசர் ஓடும்போது அதில் கரண்ட் ஏறும், அப்போது அதன் உறுமலும் கூடும், கம்ப்ரசர் நின்றால் அடங்கும். அதனால் பிரிட்ஜ்தான் கத்துகிறது என்றே எல்லோருக்கும் தோன்றும்.

தங்கச்சி, ராத்திரி ஸ்டெபிலைசரில் உள்ளே வருகிற வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்க. 220, 230 என்று நிலையாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு, நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டுப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்க. ஐந்து நிமிடம் விடுவது முக்கியம், உடனே போட்டால் உள்ளே அழுத்தம் இறங்காமல் கம்ப்ரசர் திணறும்.


முத்தியால்பேட்டை கயல் | செவ்வாய், காலை 6.40

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தோம். வோல்டேஜ் 231 காட்டியது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. படுத்திருந்தவரிடம் போய் "இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார், எடுத்து மறுபடி வைத்தார். "நின்னுடுச்சே, பிரிட்ஜை அணைச்சிட்டியா?" என்றார். சமையலறையில் பிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கும், அதனால் ஸ்டெபிலைசரை எடுக்க முடியாது. எங்கே வைப்பது?


மஞ்சக்குப்பம் மெக்கானிக் | செவ்வாய், காலை 8.00

சுவரிலிருந்து இறக்கி எதிர்ப்பக்கத்து ஷெல்பில் வையுங்க. கீழே ஒரு கனமான பலகை, பலகைக்குக் கீழே நாலு மூலையிலும் அந்த கெட்டி ரப்பர். பலகை சுவரைத் தொடக் கூடாது. மேலே துணி போடாதீங்க, காற்று ஓட்டைகள் திறந்திருக்கட்டும். தண்ணீர் படாத இடமாகப் பாருங்க, பிரிட்ஜ் தலையில் மட்டும் வைக்காதீங்க. வயர் எட்டவில்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் ஒரு பாயின்ட் போடுங்க.


லாஸ்பேட்டை வாத்தியார் | செவ்வாய், காலை 8.45

அதோடு கட்டிலையும் திருப்புங்கள். உங்கள் அறையின் நீளமும் இந்த அலையின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. அப்படி அமைந்தால் ஒலி சுவர் ஓரத்திலும் அறையின் நடுவிலும் பலமாக நிற்கும். சுவரிலிருந்து மூன்று அடிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் மிக மெல்லியதாகிவிடும். கட்டிலைச் சுவருக்கு இணையாக, ஓர் அடி தள்ளிப் போடுங்கள். மூன்றரை அடி அகலக் கட்டில் என்றால் அப்பாவின் தலை சரியாக அந்த இடத்துக்கு வரும். போடுவதற்கு முன் நீங்களே ராத்திரி மெதுவாக நடந்து, தலையை முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.


முத்தியால்பேட்டை கயல் | ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமைதான் வந்தார், அதனால் தாமதம்.

ஸ்டெபிலைசர் இப்போது சமையலறை ஜன்னல் பக்கத்து ஷெல்பில், பலகை மேல். சார் சொன்ன மாதிரி இருட்டில் நடந்து பார்த்தேன். சுவரோரம் இன்னும் மெல்லிசாகக் கேட்டது, ஓர் எட்டு தள்ளி வந்ததும் கரைந்துவிட்டது, அறை நடுவில் மறுபடி வந்தது. கட்டிலை அப்படியே திருப்பிப் போட்டோம். மூன்று ராத்திரியாக அப்பா காலை ஐந்தரை வரை தூங்குகிறார். சர்க்கரை அளவு கூட இந்த வாரம் கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறது, காரணம் தூக்கமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

காது பரிசோதனைக்கும் அழைத்துப் போகிறேன் சார். இத்தனை வருடம் "காது மந்தம்" என்று விட்டுவிட்டோம். வெங்காயத்துக்கு ஒரு மூங்கில் கூடை வாங்கிவிட்டேன்.


தேவனாம்பட்டினம் செல்வி | ஞாயிறு, மாலை 6.10

படிக்கவே நிறைவாக இருக்கிறது கயல். துருவை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.


நெல்லித்தோப்பு பாலா | ஞாயிறு, இரவு 9.20

அண்ணே, இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எங்களுடையது பழைய சிங்கிள் டோர். உறுமல் இல்லை, ஓடும்போது "ஜிர்ர்" என்று தகரம் நடுங்குகிற சத்தம், பின்னாலிருந்து.


மஞ்சக்குப்பம் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 9.45

ஓடும்போதே பின்பக்கத்துக் கம்பி வலையை உலர்ந்த துணி சுற்றிய கையால் மெல்ல அழுத்திப் பாருங்க தம்பி. கீழே கம்ப்ரசர் பக்கம் கையைக் கொண்டு போக வேண்டாம், அங்கே சுடும், வயரும் இருக்கும். அழுத்தினால் நின்றால், வலையைப் பிடிக்கிற திருகு தளர்ந்திருக்கிறது. நிற்கவில்லையென்றால் வலை சுவரைத் தொடுகிறதா பாருங்க.


நெல்லித்தோப்பு பாலா | ஞாயிறு, இரவு 10.05

நின்றது அண்ணே. மேல் திருகு இரண்டும் கையாலேயே சுற்றுகிறது. இதோ ஸ்க்ரூ டிரைவர் தேடுகிறேன்.


மஞ்சக்குப்பம் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 10.07

முதலில் பிளக்கைப் பிடுங்குங்க.